அந்த ஞாயிறு வாசிக்கப்பட்ட மடல்

2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் உரோமாபுரியில், புனித இராயப்பர் பேராலய முற்றத்தில், பாப்பரசர் பிரான்சிஸ் பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். தமிழ்க் கத்தோலிக்கருக்கு அது மறக்க முடியாத நாள். நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் அன்று புனிதரானார். நம் கண்களெல்லாம் அவர் திருவுருவப் படத்தின் மீதே இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அதே வரிசையில், மூக்குக் கண்ணாடி அணிந்த மெலிந்த முகத்தினரான ஒரு குருவின் பெயரும் வாசிக்கப்பட்டது. ஹாலந்து நாட்டுக் கார்மேல் சபைத் துறவி டைட்டஸ் பிரான்ட்ஸ்மா அவர். பேராசிரியர், பத்திரிகையாளர், 1942-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ஹிட்லரின் டாக்கௌ சிறை முகாமில் நச்சு ஊசி போட்டுக் கொல்லப்பட்டவர்.

அந்த ஜூலை 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைத் திருப்பலியில், ஹாலந்தின் கத்தோலிக்க ஆலயங்களில் ஆயர்களின் மடல் ஒன்று வாசிக்கப்பட்டது. அந்த மடல் வாசிக்கப்பட்டதன் காரணமாகவே இன்னொரு கார்மேல் சபைத் துறவி, ஒரு பெண்மணி, சரியாகப் பதினான்கு நாட்களில் உயிரிழந்தார். அவர் பெயர் எடித் ஸ்டைன். இன்று அவரும் புனிதரே.

இவ்விருவருடைய வரலாற்றையும் தனித்தனியே எழுதிய நூல்கள் உண்டு. நாம் இங்கே பேச விரும்புவது இருவரையும் இணைக்கும் அந்த மடலைப் பற்றி. அதை வாசித்தது சரியா என்ற கேள்வி எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்கப்பட்டு வருகிறது. விடை எளிதென்று நமக்குத் தோன்றவில்லை.

முதலில் எடித் ஸ்டைனை அறிந்துகொள்வோம். 1891-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில், பக்தி மிகுந்த யூதக் குடும்பத்தில் பதினொன்றாவது குழந்தையாகப் பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது ஆகுமுன் தந்தை இறந்துவிட்டார். கைம்பெண்ணான தாய் மர வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். எடித் இளமையில் கடவுள் நம்பிக்கையை விட்டவர். தத்துவம் பயின்று, புகழ்பெற்ற ஹுஸெர்ல் என்ற அறிஞரின் மாணவியாகி, 1916-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. பெண் என்பதே தடையாக இருந்தது. 1921-ஆம் ஆண்டு கோடையில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அவிலா தெரேசம்மாளின் தன் வரலாற்றைப் படித்தார். 1922 ஜனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு முதல் 1931 வரை, ஷ்பையர் நகரில் தோமினிக் சபைக் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். ஜெர்மன் மொழியும் இலக்கியமும் கற்பித்தார். ஆம், நம்முடையதைப் போன்ற ஒரு பள்ளியில், நம்மைப் போன்ற மாணவியருக்குத்தான்.

1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவனானான். ஏப்ரல் மாதமே யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அப்போது மூன்ஸ்டர் நகரில் விரிவுரையாளராக இருந்த எடித்தும் வேலையை இழந்தார். ஞானஸ்நானம் பெற்றது கணக்கில் வரவில்லை. நாஜிகளுக்கு யூதர் என்பது மதமன்று, இரத்தம். பாட்டனும் பாட்டியும் யார் என்பதைக் கொண்டே அவர்கள் மனிதரைத் தரம் பிரித்தார்கள்.

அந்த ஏப்ரலில் எடித் ஒரு காரியம் செய்தார். பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதருக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்கள் மீது நடத்தப்படும் கொடுமைகளைக் கூறி, இவற்றைச் செய்வோர் தங்களைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொள்வதைச் சுட்டிக்காட்டி, திருச்சபை வாய் திறந்து பேச வேண்டும் என்று வேண்டினார். மௌனம் நீடித்தால் அது திருச்சபைக்கே கேடாக முடியும் என்றும் எச்சரித்தார். கடிதம் உரோமையைச் சேர்ந்தது. பாப்பரசரிடம் காட்டப்பட்டது என்று பதிலும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. 1937-இல் அதே பாப்பரசர் நாஜிக் கொள்கையைக் கண்டித்து ஜெர்மன் மொழியிலேயே ஒரு சுற்றுமடல் விடுத்தார். அது குருத்து ஞாயிறன்று ஜெர்மனியின் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. துணிவான செயல்தான், ஆனால் அதிலும் யூதர் படும் துன்பம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எடித்தின் கடிதம் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் எழுபது ஆண்டுகள் கிடந்து, 2003-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இந்தக் கடிதத்தை வாசகியர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

1933 அக்டோபரில் அவர் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். முன்னதாகத் தாயிடம் விடைபெறப் பிரெஸ்லாவ் சென்றார். மகள் கிறிஸ்தவளானதையே தாங்க முடியாமல் இருந்த எண்பது வயது கடந்த தாய்க்கு, யூதர்கள் வதைக்கப்படும் வேளையிலா அடைபட்ட மடத்துக்குள் போவது என்ற துயரம். இருவரும் சேர்ந்து யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போய் வந்தார்கள். அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. மடத்தில் அவருக்குச் சிலுவையின் தெரேசா பெனடிக்டா என்ற பெயர் கிடைத்தது. 1938 நவம்பரில் ஜெர்மனி எங்கும் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டபோது, தம்மால் மடத்துக்கு ஆபத்து வருமென்று கண்டு, அவ்வாண்டின் கடைசி நாள் எல்லை கடந்து ஹாலந்திலுள்ள எக்ட் என்னும் சிற்றூர்க் கார்மேல் மடத்துக்கு வந்தார். அவரைப் போலவே கத்தோலிக்கரான அக்காள் ரோசாவும் பிற்பாடு அங்கு வந்து சேர்ந்தார்.

பாதுகாப்பு என்று வந்த இடத்துக்கே பகைவன் வந்தான். 1940 மே 10-இல் ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. 14-ஆம் நாள் ராட்டர்டாம் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. ஐந்து நாட்களில் போர் முடிந்தது. அரசி வில்ஹெல்மினா இங்கிலாந்து சென்றுவிட, ஸைஸ் இன்க்வார்ட் என்ற ஆஸ்திரியன் நாட்டை ஆள அனுப்பப்பட்டான். இவனும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவனே. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

சர்வாதிகாரம் என்றதும் துப்பாக்கியும் சவுக்கும் நம் நினைவுக்கு வரும். ஹாலந்தில் அது முதலில் ஒரு படிவமாக வந்தது. 1940 அக்டோபரில் ஆசிரியர் உட்பட அரசு ஊழியர் அனைவருக்கும் ஒரு தாள் அனுப்பப்பட்டது. நீர் யூதரா, இல்லையா? எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புக. அவ்வளவுதான். ஏறத்தாழ எல்லாரும் கையெழுத்திட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, யாரையும் இழுத்துச் செல்லவில்லை. ஒரு கையெழுத்தில் என்ன வந்துவிடப் போகிறது? அடுத்த மாதம் யூத ஊழியர் அனைவரும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். தாள்கள்தாம் பட்டியலாயின. லெய்டன் பல்கலைக்கழகத்தில் கிளெவரிங்கா என்ற சட்டப் பேராசிரியர், நீக்கப்பட்ட தம் யூத ஆசிரியருக்காக நவம்பர் 26-இல் மாணவர் முன் எழுந்து பேசினார். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பேராசிரியர் சிறைக்குப் போனார், பல்கலைக்கழகம் மூடப்பட்டது.

1941 ஜனவரியில் யூதர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று ஆணை. ஏறத்தாழ 1,40,000 பேர் பதிந்தார்கள். ஒழுங்குக்குப் பேர்போன நாடு அது. அதன் ஆள்பதிவு அலுவலகங்கள் ஐரோப்பாவிலேயே சிறந்தவை. நல்ல காலத்தில் நன்மை செய்த அந்த ஒழுங்கு, கெட்ட காலத்தில் ஒருவரும் தப்ப முடியாதபடி வலையாக மாறியது. பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் நகர யூதர் பகுதியில் நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றார்கள்; அவர்களில் ஏறக்குறைய எவரும் திரும்பவில்லை. அதைக் கண்டு பொறுக்காமல் 25-ஆம் நாள் டிராம் ஓட்டுநர்களும் துறைமுகத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினார்கள். நகரமே இரண்டு நாள் அசையாமல் நின்றது. இதை முன்னின்று ஏற்பாடு செய்தவர்கள் கம்யூனிஸ்டுகள். நல்லதை யார் செய்தாலும் நல்லதென்றே எழுதுவோம்.

கத்தோலிக்கர் என்ன செய்தார்கள்? உத்ரெக்ட் பேராயர் டி யோங் திருச்சபை வரலாற்று ஆசிரியராக இருந்தவர். மேடை முழக்கம் அவருக்கு வழக்கமில்லை. ஆனால் அவரும் மற்ற ஆயர்களும் 1941 தொடக்கத்திலேயே, ஹாலந்து நாஜிக் கட்சியில் சேர்ந்திருப்போருக்குத் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்படும் என்று அறிவித்தனர். அவ்வாண்டு யூத வழிவந்த பிள்ளைகளைப் பள்ளிகளிலிருந்து பிரிக்க ஆணை வந்தபோது, கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து அவர்களை வெளியேற்ற மறுத்தனர். அந்நாளில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்காக ஆட்சியாளரோடு வாதாடியவர்களில் ஒருவர்தாம் டைட்டஸ் அடிகள்.

1881-இல் பிரீஸ்லாந்து மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் பிறந்த இவர், நைமேகன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். ஓராண்டு அதன் தலைவராகவும் இருந்தார். நோயாளி, உணவு செரிக்காத உடம்பு. போர் தொடங்குமுன்பே நாஜிக் கொள்கை எவ்வளவு பொய்யானது என்று வகுப்பில் விளக்கியவர். கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களுக்கு ஆன்ம ஆலோசகராகவும் அவரை ஆயர்கள் நியமித்திருந்தனர். 1941 டிசம்பரில், நாஜிக் கட்சியின் விளம்பரங்களை மறுக்கும் உரிமை எந்தப் பத்திரிகைக்கும் இல்லை என்று உத்தரவாயிற்று. விளம்பரம்தானே, பணம் கொடுத்துப் போடுகிறான், நமக்கென்ன என்று இருந்துவிடலாம். டைட்டஸ் அடிகள் அப்படி எண்ணவில்லை. எந்தக் கத்தோலிக்கப் பத்திரிகையும் அவற்றை ஏற்கக் கூடாது என்ற முடிவை எழுத்தில் வடித்துக்கொண்டு, 1942 ஜனவரிக் குளிரில் ரயிலேறி ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களை நேரில் கண்டு பேசினார். தபாலில் அனுப்பினால் பத்திரிகை ஆசிரியர் தனிமையில் பயந்துவிடுவார், நேரில் போனால் துணிவு பெறுவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜனவரி 19-ஆம் நாள் மாலை மடத்திலேயே கைது செய்யப்பட்டார்.

சிறையில் விசாரித்த அதிகாரி, ஹாலந்து மக்கள், குறிப்பாகக் கத்தோலிக்கர், நாஜிக் கட்சியை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னான். பேராசிரியர் அல்லவா, மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். தனிக் கொட்டடியில் இருந்தபோது அவிலா தெரேசம்மாளின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். எடித் ஸ்டைனை மனந்திருப்பிய அதே தெரேசம்மாள். ஜூன் 19-இல் டாக்கௌ வந்து சேர்ந்தார். அங்கே குருக்களுக்கென்றே தனிக் கொட்டகைகள் இருந்தன. இரகசியமாகக் கிடைத்த நற்கருணையைத் தம் கண்ணாடிக் கூட்டில் மறைத்து வைத்துக் காத்தார் என்று உடனிருந்தவர் சொல்லியிருக்கிறார். ஐந்து வாரத்தில் உடல் ஒடிந்து முகாம் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார். அங்கு மருத்துவமனை என்பது பெயருக்குத்தான். ஊசி போட்ட தாதிப் பெண்ணிடம் தம் செபமாலையைக் கொடுத்தார். எனக்குச் செபிக்கத் தெரியாது என்றாள் அவள். ஒவ்வொரு அருள் நிறை மந்திரத்தின் முடிவிலும் பாவிகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார் அவர். பல ஆண்டுகளுக்குப் பின், புனிதர் பட்ட விசாரணையில் பெயர் மறைத்துச் சாட்சி சொன்னவர்களில் அந்தப் பெண்ணும் ஒருவர். இல்லாவிடில் இது நமக்கு எப்படித் தெரியும்?

இனி மடலுக்கு வருவோம்.

1942 மே மாதம் முதல் யூதர் அனைவரும் உடையின்மேல் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கார்மேல் மடத்துக்குள் இருந்த எடித்தும் அதற்கு விலக்கல்லர். ஜூலை 5-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் பல யூத இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் ஜெர்மனியில் வேலைக்கு வருமாறு ஆணைத் தாள் வந்தது. அவர்களில் ஒருத்தி பதினாறு வயது மார்காட் பிராங்க். மறுநாளே அக்குடும்பம் மறைவிடத்துக்குப் போயிற்று. மார்காட்டின் தங்கை ஆன் எழுதிய நாட்குறிப்பை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஜூலை 15-இல் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில் புறப்பட்டது. அந்த வெஸ்டர்போர்க், போருக்கு முன் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத அகதிகளுக்காக ஹாலந்து அரசே கட்டிய இடம்!

ஜூலை 11-ஆம் நாள் கத்தோலிக்க ஆயர்களும் பல சீர்திருத்தத் திருச்சபைகளும் சேர்ந்து ஸைஸ் இன்க்வார்டுக்கு ஒரு தந்தி அனுப்பினர். ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் குடும்பம் குடும்பமாக நாடு கடத்துவதைக் கண்டித்து, நிறுத்தும்படி கேட்டனர். நானூறு ஆண்டாகப் பிரிந்து நின்ற சபைகள் ஒன்றாகக் கையெழுத்திட்டதே பெரிய செய்தி.

ஜெர்மானியர் சீறவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டனர். 1941-க்கு முன் ஞானஸ்நானம் பெற்ற யூதர்களைத் தொடமாட்டோம் என்று சலுகை கூறினார்கள். அதாவது, உங்கள் ஆட்களை உங்களுக்கு விட்டுவிடுகிறோம். மற்றவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். தந்தியை ஆலயங்களில் வாசிக்கச் சபைகள் ஏற்பாடு செய்வது தெரிந்ததும், வாசிக்கக் கூடாது என்று கூறினார்கள்.

சபைகள் அனைத்தும் இப்போது ஒரே கேள்வியின் முன் நின்றன. அவற்றுள் மிகப் பெரிய சீர்திருத்தச் சபை, வாசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பேச்சுவார்த்தையால் சில உயிர்களையாவது காக்கலாம் என்பது அவர்கள் நினைப்பு. பேராயர் டி யோங், திருச்சபை தன் மக்களிடம் எதைப் பேசலாம் என்று சொல்ல ஆட்சியாளருக்கு அதிகாரமில்லை என்றார். கத்தோலிக்க ஆலயங்களில் ஆயர்களின் மடல், தந்தியின் வாசகத்தோடு, 26-ஆம் நாள் வாசிக்கப்பட்டது. சில சிறிய சீர்திருத்தச் சபைகளும் தந்தியை வாசித்தன. அன்றைய ஞாயிறுக்குரிய நற்செய்தி, எருசலேம் நகரத்தைப் பார்த்து இயேசு அழுத பகுதி. மடலிலும் அது எடுத்தாளப்பட்டிருந்தது.

ஒரே வாரம். ஆகஸ்டு 2, மறு ஞாயிறு. நாடெங்கும் யூத வழிவந்த கத்தோலிக்கர் இருநூறுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மடங்களில் இருந்த துறவியரும் தப்பவில்லை. லோப் என்ற குடும்பத்தில் பிறந்து ட்ராப்பிஸ்ட் சபையில் சேர்ந்திருந்த சகோதரரும் சகோதரியரும் அன்று பிடிபட்டனர். மாலை ஐந்து மணி அளவில் எக்ட் மடத்தின் கதவு தட்டப்பட்டது. எடித் அப்போது சிலுவை அருளப்பரைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்திலுள்ள மடமொன்றுக்குப் போக முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. அந்த மடம் எடித்தை ஏற்க இசைந்தது. ரோசாவுக்கு அங்கே இடமில்லை. அக்காளை விட்டுவிட்டுப் போக எடித் மறுத்துவிட்டார். ரோசாவுக்கு வேறிடம் தேடி, அனுமதித் தாள்களுக்காகக் காத்திருந்த வேளையில்தான் காவலர் வந்தனர். சில நிமிட அவகாசம் கொடுத்தார்கள். தெருவில் அக்கம்பக்கத்தார் கூடி முணுமுணுத்தார்கள். சகோதரியர் இருவரும் வண்டியில் ஏற்றப்பட்டனர்.

பழிவாங்கல் இது என்பதை ஜெர்மானியர் மறைக்கவில்லை. ஆயர்கள் பேச்சுவார்த்தையை மதிக்கவில்லை, ஆகவே கத்தோலிக்க யூதர்களை எங்கள் கொடிய பகைவராகக் கருதுகிறோம் என்று அவர்களின் உயர் அதிகாரி ஒருவனே மேடையில் பேசினான். வாசிக்காத சபையைச் சேர்ந்த யூதக் கிறிஸ்தவர்கள் அப்போது விடப்பட்டனர். பின்னாளில் அவர்களும் முகாமில் அடைக்கப்பட்டாலும், கணிசமானோர் போர் முடியும்வரை உயிரோடிருந்தனர்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் இதைக் காட்டி, பேசியதால் உயிர் போயிற்று, பேசாததால் உயிர் நின்றது என்பார்கள். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் போர்க்காலத்தில் வெளிப்படையாகக் கண்டிக்காமல் இருந்ததற்கும் ஹாலந்தில் நடந்ததையே காரணமாகக் கூறுவோர் உண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு. அவர் காலத்து வத்திக்கான் ஆவணங்கள் 2020 மார்ச்சில்தான் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அந்த வழக்கில் நாம் இறங்கப் போவதில்லை.

ஹாலந்து மடலைப் பற்றி மட்டும் நம் எண்ணத்தைச் சொல்கிறோம். அந்தச் சலுகை இலவசமாகத் தரப்படவில்லை. சில நூறு பேரை விட்டுவைப்பதற்கு விலையாக, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி வாயை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். ஞானஸ்நானம் பெற்றவன் மனிதன், பெறாதவன் எப்படிப் போனாலும் சரி என்று ஆயர்கள் ஒப்புக்கொண்டிருந்தால், படிவத்தில் கையெழுத்திட்டவர்களின் வரிசையில் அவர்களும் நின்றிருப்பார்கள். இதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தத்தான் செய்கிறது. மடலில் கையெழுத்திட்ட ஆயர்களை எவரும் கைது செய்யவில்லை. விலை கொடுத்தவர்கள் வேறு. மடத்தின் மூலையில் எழுதிக்கொண்டிருந்தவரிடமும், அடுக்களையிலும் வாசலிலும் வேலை பார்த்த அக்காளிடமும், வாசிக்கலாமா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. தன் உயிரைப் பணயம் வைப்பது வேறு. பிறர் உயிர் பணயமாகும் என்று அஞ்சியும் பேசுவது வேறு. டைட்டஸ் அடிகளின் துணிவு முதல் வகை. பேராயருடையது இரண்டாம் வகை. அதுவே அதிகக் கடினம் என்று நமக்குப் படுகிறது.

எடித்தைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது முறையாகாது. ஆனால் 1933-இல் அவர் கேட்டது எழுத்தில் இருக்கிறது. திருச்சபை பேச வேண்டும் என்று கேட்டார். ஒன்பது ஆண்டு கழித்து, வேறொரு நாட்டில், அது பேசியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 1998-இல் எடித்துக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது யூதர்களில் பலர் வருந்தினார்கள். அவர் கொல்லப்பட்டது யூதப் பெண்ணாகப் பிறந்ததற்காக. அவரைக் கத்தோலிக்க மறைசாட்சி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கேட்க உரிமையுள்ளவர்கள். கத்தோலிக்க மடலுக்குப் பழிவாங்கவே கைது நடந்தது என்பது திருச்சபையின் பதில். ஆஷ்விட்ஸில் ரயிலிலிருந்து இறக்கப்பட்டவர்களை எவரும் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. அவருடைய உடன்பிறந்தாரில் யூத மதத்திலேயே இருந்தவர்களும் முகாம்களில் மாண்டனர்.

அந்தக் கைதுகளுக்குப் பின்னும் ஆயர்கள் அடங்கிவிடவில்லை. 1943 பிப்ரவரியில் மீண்டும் ஒரு மடல். இம்முறை ஆட்சியாளருக்கு அல்ல, சொந்த மக்களுக்கு. மனிதரை வேட்டையாடும் இந்த வேலையில் எந்தக் கத்தோலிக்கனும் கைகொடுக்கக் கூடாது, வேலை போனாலும் சரி என்று சொன்னார்கள். உத்ரெக்ட் நகரில் காவலர் சிலர் யூதரைப் பிடிக்க மாட்டோம் என்று மறுத்துத் தலைமறைவாயினர். அவ்வாண்டே மாணவர்கள் ஆட்சிக்கு விசுவாசப் பத்திரம் எழுதித் தர வேண்டுமென்று ஆணை வந்தபோது, டைட்டஸ் அடிகளின் நைமேகன் பல்கலைக்கழகம் அதை மாணவரிடம் கொடுக்கவே மறுத்துக் கதவைச் சாத்தியது. மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் ஆள்பதிவு அலுவலகத்துக்கு ஓவியர்களும் மாணவர்களுமாகச் சிலர் தீ வைத்தார்கள். பட்டியல்தான் கொல்கிறது என்பது அதற்குள் எல்லாருக்கும் புரிந்திருந்தது. 25,000 பேருக்குமேல் பண்ணைகளிலும் மாடிகளிலும் மடங்களிலும் ஒளிந்து வாழ்ந்தனர். மூன்றில் இருவராவது பிழைத்தனர்.

ஆனால் மொத்தக் கணக்கு கொடியது. ஹாலந்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,07,000 பேர். திரும்பியவர்கள் 5,000. பிடித்தவர்களில் அந்நாட்டுக் காவலரும் இருந்தனர்; ஏற்றிச் சென்றது அந்நாட்டு ரயில். 2020 ஜனவரியில்தான் பிரதமர் மார்க் ருட்டே அரசின் பெயரால் இதற்கு மன்னிப்புக் கேட்டார்.

எடித்தின் கடைசி நாட்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை சில துண்டுகளே. வெஸ்டர்போர்க்கில், அழுது சோர்ந்து தங்கள் பிள்ளைகளையே மறந்துவிட்ட தாய்மாரிடையே அவர் அமைதியாக நடமாடி, குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி உணவு கொடுத்ததைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மடத்துத் தலைவிக்கு அவர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் மறைசாட்சியத்தைப் பற்றி ஒன்றுமில்லை. கம்பளிக் காலுறையும் இரண்டு போர்வையும் வேண்டும். ரோசாவுக்குச் சூடான உள்ளாடைகளும் சலவைக்குப் போட்டிருந்த துணிகளும் வேண்டும். ரோசாவிடம் பல் துலக்கும் பிரஷ்கூட இல்லை, சிலுவையும் செபமாலையும் இல்லை. கட்டளைச் செபப் புத்தகத்தின் அடுத்த பாகத்தையும் அனுப்புங்கள். எக்ட் ஊர்க்காரர் இருவர் அந்தப் பொருள்களை எடுத்துக்கொண்டு முகாமுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள், ஆகஸ்டு 7, ரயில் புறப்பட்டது. அது ஜெர்மனிக்குள் தெற்கே போய், ஷிபர்ஸ்டாட் என்ற நிலையத்தில் சிறிது நேரம் நின்றது. எடித் எட்டு ஆண்டுகள் மாணவியருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஷ்பையர் நகரம் அங்கிருந்து மிக அருகில். பூட்டிய பெட்டியொன்றிலிருந்து கருநிற உடையணிந்த ஒரு பெண்மணி நிலைய அதிகாரியை அழைத்து, அவ்வூரில் தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரின் பெயரைச் சொல்லி, அவர்களை அறிவீரா என்று கேட்டார். அறிவேன் என்றார் அவர். எடித் ஸ்டைன் வாழ்த்துச் சொன்னதாகவும், கிழக்கே போய்க்கொண்டிருப்பதாகவும் அவர்களிடம் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண்மணி. ரயில் நகர்ந்தது. நிலைய அதிகாரி அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.